இழுப்பு இல்லாத நாளிலும் அடிக்க வேண்டிய பம்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்துமாவுக்கு, அதாவது வீசிங்குக்கு, வாயில் வைத்து இழுக்கும் பம்பை (இன்ஹேலரை) மூடியைக் கழற்றாமல் அடிப்பது, தலைகீழாகப் பிடிப்பது போன்றவற்றை மெடிக்கலில் இருப்பவரே காட்டித் திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடலாம். நோயாளிகளைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள், ஆனால் வீட்டில் வேறு மாதிரி செய்வார்கள் என்ற ரகத் தவறுகள்தான் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய் விடுகின்றன.

நல்லாயிருச்சு என்று நிறுத்துவது

வீசிங்குக்கு இரண்டு வகை பம்ப் உண்டு. சால்பூட்டமால், அதாவது அஸ்தாலின் மாதிரியானவை, சுருங்கிய மூச்சுக்குழாய்த் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். நாலைந்து மணி நேரம் தாங்கும். குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தை அது தொடுவதில்லை. அந்த வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு பம்ப்: பூடசோனைடு, பெக்ளோமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன். அது வேலையைக் காட்டவே சில நாள் ஆகும், முழுப் பலன் தெரியப் பல வாரம். அடித்த உடனே ஒன்றும் தெரியாததால் 'இது வேலை செய்யலை' என்று பெயர் வாங்குவதும் இதுதான்.

நிறுத்தினாலும் அப்படித்தான். மறுநாளே இழுத்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். வீக்கம் மெல்ல மெல்லத் திரும்புகிறது. பல்லடம் பக்கம் பஞ்சாலைக்குப் போகிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் இருமல் அடங்குகிறது. "இப்பத்தான் நல்லாயிருக்குதுங்களே, அப்புறம் எதுக்குங்க தெனமும் ஸ்டீராய்டு?" பம்ப் பீரோவுக்குள் போகிறது. ஒரு மாதம் ஒன்றுமில்லை. மார்கழிப் பனியில் சளி பிடிக்கிறது. ராத்திரி விழிப்பு, அஸ்தாலின் இரண்டு பஃப் (ஒரு அழுத்து ஒரு பஃப்), பிறகு நாலு, கடைசியில் நடுராத்திரியில் மருந்தைப் புகை மாதிரி ஆக்கித் தரும் நெபுலைசர். கையோடு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினம் 40 மில்லிகிராம், 5 நாளைக்கு.

இந்த இடத்தில்தான் எரிச்சல் வரும். அந்த மாத்திரை மொத்தம் 200 மி.கி. பம்பில் தினம் 400 மைக்ரோகிராம் பூடசோனைடு என்பது 0.4 மி.கி. இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறு, அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. எடையை மட்டும் பார்த்தாலும் 500 நாள் பம்ப் கணக்கு அது. பம்ப் நுரையீரலுக்குத்தான் அதிகம் போகிறது. மாத்திரையோ உடம்பு முழுக்கப் போகிறது. ஸ்டீராய்டுக்குப் பயந்து பம்பை நிறுத்தியவர் ஸ்டீராய்டை விழுங்கிக்கொண்டிருக்கிறார்!

அளவைக் குறைக்கவே கூடாது என்பதில்லை. தொந்தரவில்லாமல் 3 மாதம் போனால் டாக்டரே கால் பங்கோ பாதியோ குறைப்பார், சளிக்காலம் இல்லாத நேரமாகப் பார்த்து. அதிக அளவில் வருடக்கணக்காக எடுப்பவர்களுக்கு எலும்பு, கண்புரை பற்றிய கவலை நியாயமானது. அதைக் கேட்க வேண்டியதும் டாக்டரிடம்தான்.

அஸ்தாலினை எண்ணுங்கள். ஒரு பம்பில் 200 பஃப். வருடத்தில் மூன்று தீர்ந்தால் கடும் இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது; மாதம் ஒன்று தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலான 'ஜீனா', பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பூட்டமாலை மட்டும் வைத்து வைத்தியம் பார்க்க வேண்டாம் என்று 2019இலேயே சொல்லிவிட்டது.

எல்லாக் கருவியையும் ஒரே மாதிரி இழுப்பது

ஸ்ப்ரே பம்பை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, 4–5 நொடி மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். ரோட்டாஹேலர் என்ற கருவியில் போட்டு இழுக்கும் ரோட்டாகேப் (கேப்சூல்) பொடிக்கு நேர் எதிர்: வேகமாக, ஆழமாக. இரண்டிலும் 10 நொடி மூச்சை அடக்குங்கள். அடுத்த பஃபுக்கு அரை நிமிடம் விடுங்கள். ரோட்டாஹேலருக்குள் மூச்சு விடாதீர்கள், பொடி ஈரமாகிவிடும். இழுத்த பிறகு கேப்சூலைப் பாருங்கள். பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுங்கள்.

ஸ்ப்ரே பம்பின் முன்னால் மாட்டும் ஸ்பேசர் என்ற குழாயை வைத்து அடித்தால் அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துப்போகவில்லையே என்ற தொல்லை இல்லை. ஆனால் அதைத் துணியால் துடைக்கக் கூடாது. உள்ளே நிலைமின்சாரம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே காயவிடுங்கள்.

ரோட்டாகேப்பை விழுங்குவது

மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தால் இது நடக்கும். தனியே வையுங்கள்.

வாய் கொப்பளிக்காமல் விடுவது

ஸ்டீராய்டு பம்ப் அடித்துவிட்டு இப்படி விட்டால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும். கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. காலையும் இரவும் பல் துலக்குவதற்கு முன் பம்ப் அடித்தால் மறக்காது. ரோட்டாகேப்பை மட்டும் குளியலறை ஈரத்தில் வைக்காதீர்கள்.

தண்ணீரில் மிதக்கவிட்டு அளவு பார்ப்பது

பம்ப்தான் கெடும். எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுங்கள்: பம்பில் 120 பஃப் இருந்து, தினம் 4 அடித்தால் 30 நாள். தொடங்கிய தேதியை மேலே எழுதி வையுங்கள். மருந்து தீர்ந்த பிறகும் வாயு வரும், ஏமாந்துவிடாதீர்கள்.

கர்ப்பம் என்றதும் நிறுத்துவது

கூடாது. இழுப்பில் ஆக்சிஜன் குறைவதுதான் குழந்தைக்குக் கெடுதல்.

பிள்ளை வளராது என்று நிறுத்துவது

உயரத்தில் சராசரியாக 1 செ.மீ. அளவு குறையலாம். கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைத் தடுக்கும். 3–6 மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து டாக்டரிடம் காட்டுங்கள்.

தூசியை விட்டுவிட்டு பம்பை மட்டும் கூட்டுவது

பஞ்சாலை, ஈரோட்டு மஞ்சள் மண்டி, பொள்ளாச்சி தென்னை நார்க் களம். வேலை நாளில் இழுப்பும் லீவு நாளில் நிம்மதியும் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் மருந்தைத்தான் கூட்டுவார். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, அஸ்தாலின் கேட்கவில்லை என்றால் எதையும் யோசிக்காமல் 108ஐ அழையுங்கள்.