பால் பெயிண்ட் பூசிய பழைய அலமாரி

காட்பாடியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய வேப்பமர அலமாரி. மரம் உறுதி, பூச்சி இல்லை, கறுத்துப்போன வார்னிஷ்தான் பிரச்சினை. படுக்கையறைக்கு நெடி இல்லாத பூச்சு வேண்டும் என்பதால், பாலும் சுண்ணாம்பும் கலந்து பெயிண்டை வீட்டிலேயே செய்தேன்.

முதலில் வார்னிஷை முழுக்க எடுத்துவிட வேண்டும். வழவழப்பான பரப்பில் பால் பெயிண்ட் பிடிக்காது, உரிந்து வந்துவிடும். 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180இல் முடித்தேன்.

அப்புறம், ஆடை நீக்கிய பாலைச் சூடாக்கி, வினிகர் விட்டுத் திரித்து, துணியில் வடிகட்டி, புளிப்பு போக அலசினேன். அந்தத் திரளில் ஐந்து பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு. மசிக்க மசிக்க, உதிரியாகக் கிடந்த கட்டிகள் இளகிப் பளபளவென்று பசையாகும். பாலிலுள்ள கேசீன் சுண்ணாம்போடு சேர்வதால் வரும் மாற்றம் அது. பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்! கையுறை கட்டாயம். சுண்ணாம்பு தோலை அரிக்கும், கண்ணில் படவே கூடாது. நிறத்துக்குக் காவிப்பொடி போதும், சுண்ணாம்பில் அது வெளுக்காது.

வேலூர் வெயிலுக்குப் பூச்சு சட்டென்று காய்ந்து திட்டுத்திட்டாகிவிடும். அதனால் மரத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நிழலில் மெல்லியதாக இரண்டு கோட் அடித்தேன். கலவை சீக்கிரம் கெட்டுவிடும். அன்றைய தேவைக்கு மட்டும் கலக்குங்கள்.

நன்றாகக் காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெய் தடவினேன். நிறம் ஆழமாகிறது, தண்ணீர்க் கறையும் எளிதில் பிடிப்பதில்லை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.