மலையில் குர்தி தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் எங்கள் தையல் கடைக்கு வேலை பழக வரும் பெண்கள் பெரும்பாலும் பயிற்சி வகுப்பு முடித்தவர்கள். மெஷின் மிதிக்க அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குடைபோல் விரியும் அனார்கலியையோ, முன்பாகங்களை ஒன்றின்மேல் ஒன்று மடித்து நாடாவால் கட்டும் அங்கரக்காவையோ கையில் எடுத்ததும், தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். நூல் நிறம் மாறுவது, காஜா கோணுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துணியை நனைக்காமல் வெட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. தறியில் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நெய்து, கஞ்சி போட்டு, மடித்துக் கடைக்கு வந்த பிறகும் அந்த இழுவை துணியிலேயே தங்கியிருக்கும். முதல் தண்ணீர் பட்டதும் நூல் தளர்ந்து சுருங்கிவிடும். பருத்தி 5 சதவீதம் சுருங்கினால்கூட 44 அங்குலக் குர்தியில் 2 அங்குலத்துக்கு மேல் போய்விடும். ரேயான் பல நேரங்களில் இன்னும் மோசம்.

நேர்வெட்டுக் குர்தியில் நீளம் குறைவதோடு தொல்லை முடிந்துவிடலாம். அனார்கலியில் அப்படி இல்லை. மேலே குறுகிக் கீழே விரியும் துண்டுகளைக் கலி என்போம். அந்தக் கலிகளின் ஒரு பகுதி பாவோடும் மறு பகுதி சாய்வாகவும் ஓடுவதால் கீழ் விளிம்பு ஏறி இறங்கும். பாலியஸ்டர் லைனிங் சுருங்காது. மேல்துணி மட்டும் ஏற, லைனிங் கீழே எட்டிப் பார்க்கும்.

போன ஐப்பசி மழையில் இதுதான் நடந்தது. கோத்தகிரியில் ஒரு திருமணத்துக்காகச் சாங்கானேர் அச்சுப் பருத்தித் துணியை ஒரு அம்மா கொண்டுவந்தார். மழையில் துணி காயாது என்று எங்கள் பெண் அப்படியே வெட்டிவிட்டாள். முதல் துவைப்பிலேயே மார்புக்குக் கீழ் இருக்க வேண்டிய மூட்டு மேலேறிப் புடைத்துக்கொண்டது. கலி வெட்டிய துணியில் இழுத்துவிட மிச்சம் ஏது? புதுத் துணி வாங்கிக் கொடுத்தோம், கூலியும் போயிற்று. அந்த அம்மாவின் முகம் வாடியதற்கு ஈடு எதுவும் இல்லை.

வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்க் கொடியில் துணி காய்வது அரிது என்பது உண்மைதான். அதற்காக நனைக்காமல் விடாதீர்கள். தைத்துக் கொடுக்கும் தேதியைத் தள்ளிச் சொல்லுங்கள். இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல் வீட்டுக்குள் விரித்துப் போடுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே பாவின் போக்கில் இஸ்திரி போடுங்கள். பருத்தி லைனிங்கையும் கட்டாயம் நனையுங்கள். லக்னோவின் சிகன்காரி என்னும் பூத்தையல் துணியில் பூ வரையும் நீல அச்சு, பூத்தையல் முடிந்தபின் அலசித்தான் நீக்கப்படுகிறது. ஆகவே அந்தத் துணி ஏற்கெனவே தண்ணீர் கண்டது. அதன் உள்ளே வைக்கும் புது லைனிங் காணாதது. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கலி தைத்த அன்றே ஓரம் மடிப்பது

சாய்வாக வெட்டிய துணி தன் எடையிலேயே கீழிறங்கும். ஓர் இரவு ஹேங்கரில் தொங்கவிட்டு, மறுநாள் தரையிலிருந்து அளந்து சமன் செய்யுங்கள்.

அங்கரக்காவில் உள்மடிப்பைக் குறைப்பது

துணியை மிச்சப்படுத்த, வெளியே தெரியும் பாகத்தை மட்டும் வெட்டிப் பக்கத்தில் நாடா வைக்கிறார்கள். உள்பாகமும் மறுபக்கம்வரை போய், அங்கே தனி நாடாவில் கட்டப்பட வேண்டும். ஊட்டி பஸ் நிலையக் காற்றில் ஒருமுறை நின்றால் காரணம் புரியும்.

ஸ்வெட்டருக்கு மேல் அளவெடுப்பது

கழற்றச் சொல்லுங்கள்.

அக்குள் சதுரத்தை விட்டுவிடுவது

பழைய கலிதார் குர்தியில் அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டு இருக்கும். கையைத் தூக்கும்போது உடல்பகுதி மேலேறாமல் காப்பது அதுதான். இங்கே பலர் குர்திக்குள் கம்பளி உள்சட்டையும் போடுவதால் அது இரட்டிப்பாகத் தேவை.

பிரனுக்கு இடுப்பு வளைவு

வேண்டாம். பிரன் காஷ்மீரின் நீண்ட மேலங்கி. அங்கே அதற்குள் காங்ரி என்னும் கணப்புச் சட்டியை வைத்துக் குளிர்காய்கிறார்கள். தளர்வுதான் அந்த உடையின் வேலை.

தோடர் பூத்தையலை நடுவில் வெட்டுவது

2013இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கருப்பு, சிவப்பு வேலைப்பாடு, துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் செய்யப்படுவது. கழுத்து வளைவுக்காக நடுவில் கத்தரி வைத்தால் நூல் அவிழ்ந்துகொண்டே வரும். பட்டையை முழுதாகக் கைமுனையிலோ கீழ் விளிம்பிலோ வரும்படி முதலில் குறித்துக்கொண்டு, மற்ற பாகங்களை அதற்கேற்ப வெட்டுங்கள்.