யூனிவர்சிட்டி டீமா, கிளப் டீமா: எது பலம் என்று கண்டுபிடிப்பது எப்படி

தூத்தூரிலிருந்து நீரோடி வரைக்கும், எல்லையைத் தாண்டினால் பொழியூரிலும், எந்த ஃபுட்பால் மைதானத்தின் ஓரத்தில் நின்றாலும் இந்த வாக்குவாதம் காதில் விழும். நல்ல யூனிவர்சிட்டி டீம் ஒன்றை அப்படியே கேரளாவின் புரொஃபஷனல் லீக்கான சூப்பர் லீக் கேரளாவில் இறக்கிவிட்டால் எத்தனையாவது இடம் வரும்? காலிக்கட் யூனிவர்சிட்டி பையன்கள் அந்த லீக்கின் திருவனந்தபுரம் கொம்பன்ஸை ஓடவிட்டு அடிப்பார்கள் என்று ஒருவர் சொல்வார், காசு வாங்கி ஆடுகிறவன் முன்னால் காலேஜ் பையன் நிற்கவே மாட்டான் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேருமே அவரவர் பார்த்த ஒரு மேட்ச்சை வைத்துத்தான் பேசுவார்கள். இதை ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது.

முதலில் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். ஒரே ஒரு மேட்ச்சில் யார் ஜெயிப்பார்கள் என்பது ஒரு கேள்வி, ஒரு சீசன் முழுக்க மோதினால் யார் மேலே இருப்பார்கள் என்பது வேறு கேள்வி. ஃபுட்பாலில் கோல் குறைவாக விழுவதால் பலவீனமான டீம் ஒரு நாள் ஜெயிப்பது சாதாரணமாக நடக்கும். இதற்கு நம் நாட்டிலேயே அருமையான சாட்சி இருக்கிறது. 2017-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்து முடிந்ததும், அதில் ஆடிய இந்தியப் பையன்களையும் அவர்கள் வயதை ஒட்டிய சிலரையும் சேர்த்து இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் தேசிய அளவிலான கிளப் லீக்கான ஐ-லீக்கில் இறக்கினார்கள். முதல் மேட்ச்சிலேயே சென்னை சிட்டியை 3-0 என்று அடித்தார்கள். நம்ம இரவிபுத்தன்துறை ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ் அந்த சீசனில் சென்னை சிட்டியில்தான் இருந்தார். அந்த ஒரு மேட்ச்சை மட்டும் பார்த்தவர்கள் பையன்கள் லீக்கையே தூக்கிவிடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள், ஆனால் சீசன் முடியும்போது பத்து டீமில் ஆரோஸ்தான் கடைசி. அடித்து அனுப்பப்பட்ட சென்னை சிட்டியோ அடுத்த சீசன், 2018-19-ல், ஐ-லீக் சாம்பியன்.

ஆகவே ஒரு ரிசல்ட்டைப் பிடித்துத் தொங்காமல் ஆட்களைப் பாருங்கள், அதிலும் சிறந்த ஆட்டக்காரனை விட்டுவிட்டு டீமிலேயே பலவீனமான நாலு பேரைப் பாருங்கள். யூனிவர்சிட்டி டீமின் நட்சத்திர ஃபார்வர்ட் எந்தக் கிளப்பிலும் ஆடுவான், அதில் சந்தேகமே இல்லை, சில மாதத்தில் அவனைக் கிளப்காரர்களே கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். வித்தியாசம் தெரிவது இடது பேக்கில், இரண்டாவது கோல்கீப்பரிடம், எழுபதாவது நிமிடம் உள்ளே வருகிற மாற்று ஆட்டக்காரனிடம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 25 வயதைத் தாண்டியவர் ஆட முடியாது, மூன்று வருடத்தில் படிப்பு முடிந்து பாதிப் பேர் போய்விடுவார்கள். கிளப்புக்கு அந்தக் கட்டு இல்லை. கடந்த பத்து வருட யூனிவர்சிட்டி டீம்களில் மிஞ்சி நின்றவர்கள், நாட்டின் உச்ச லீக்கான ஐ.எஸ்.எல். பெஞ்சிலிருந்து இறங்கி வந்தவர்கள், கூடவே வெளிநாட்டுக்காரர்கள் என்று பொறுக்கியெடுத்த கூட்டம் அது. 2024-ல் ஆறு டீமோடு தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவின் எந்த டீம் பட்டியலை எடுத்தாலும் இது தெரியும். ஒரு பக்கம் ஒரே தலைமுறை, இன்னொரு பக்கம் பல தலைமுறைகளின் சல்லடை.

கடைசி இருபது நிமிடத்தைத் தனியாகப் பாருங்கள். காலேஜ் பையன்களுக்கு ஓட்டத்தில் குறைவே இருக்காது, முதல் பாதியில் கிளப்காரர்களைவிட வேகமாகவே தெரிவார்கள். ஆனால் ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது பந்தை எங்கே வைத்துக்கொள்வது, எப்போது ஃபவுல் வாங்குவது, கார்னரில் யார் யாரைப் பிடிப்பது என்பதெல்லாம் மாதக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி எடுத்த டீமுக்குத்தான் படிந்திருக்கும். யூனிவர்சிட்டி டீம் என்பது பல காலேஜ்களிலிருந்து செலக்ஷன் வைத்து, கேம்ப் போட்டு, போட்டிக்கு அனுப்புகிற டீம். அதனால் விழுந்த கோல்கள் எந்த நிமிடத்தில் விழுந்தன என்று குறித்து வையுங்கள், கோல் எண்ணிக்கையைவிட அது அதிகம் சொல்லும்.

அடுத்தது பொது எதிரி. இரண்டு டீமும் நேருக்கு நேர் ஆடவில்லையென்றால், இரண்டும் ஆடிய மூன்றாவது டீமைத் தேடுங்கள். நம்ம பக்கத்துக்கு இதற்கு நல்ல அளவுகோல் டிபார்ட்மென்ட் டீம்கள். உதாரணத்துக்குக் கேரள மின்வாரிய டீம், வேலையில் இருக்கிற அனுபவசாலிகள், 2021, 2022 இரண்டு வருடமும் மாநில லீக்கான கேரள பிரீமியர் லீக் இறுதிப்போட்டி வரை போனவர்கள். அப்படி ஒரு டீமோடு யூனிவர்சிட்டி டிரா செய்தது, கிளப் மூன்று கோலில் ஜெயித்தது என்றால் ஏதோ புரிகிறது. ஆனால் நாலு விஷயம் கேட்காமல் விடாதீர்கள்: யார் சொந்த மைதானம், இரண்டு மேட்ச்சுக்கும் இடையில் எத்தனை மாதம், முழு டீம் இறங்கியதா, அது போட்டியா சும்மா பயிற்சி ஆட்டமா. சீசன் தொடங்குவதற்கு முன் கிளப்கள் ஆடும் பயிற்சி ஆட்டத்தில் கோச் பதினெட்டு இருபது பேரை மாற்றி மாற்றி இறக்குவார், அந்த ஸ்கோரை நம்பவே கூடாது.

செவன்ஸை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எனக்கும் செவன்ஸ் உயிர்தான், ஆனால் அது சின்ன மைதானம், ஏழு பேர், ஒரு கெஸ்ட் பிளேயர் வந்தால் டீமே மாறிவிடும். அதில் கலக்குகிற மிட்ஃபீல்டர் பதினோரு பேர் ஆட்டத்தில் காணாமல் போவதும் உண்டு, மறுபக்கமும் நடப்பது உண்டு.

கணக்குப் போடப் பிடித்தவர்களுக்கு, செஸ்ஸில் வைக்கிற ஈலோ முறை இதற்கும் பொருந்தும். எல்லா டீமுக்கும் 1500 கொடுத்துத் தொடங்குங்கள். சமமான இரண்டு டீம் ஆடினால் ஜெயித்தவருக்கு 16 கூட்டி, தோற்றவருக்கு 16 கழியுங்கள். பலமான டீமைப் பலவீனமான டீம் வீழ்த்தினால் அதிகமாகவும், பலமான டீமே ஜெயித்தால் குறைவாகவும் மாற்ற வேண்டும், அதற்கான சூத்திரம் தேடினால் உடனே கிடைக்கும். 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவருக்கு ஏறக்குறைய 76 சதவீத வாய்ப்பு, 400 என்றால் 91 (டிராவை அரை வெற்றியாக எண்ணினால்). ஆனால் ஒரு பெரிய பொறி இருக்கிறது. யூனிவர்சிட்டிகள் தங்களுக்குள்ளேயும் கிளப்கள் தங்களுக்குள்ளேயும் மட்டுமே ஆடிக்கொண்டிருந்தால், இங்கே 1700 எடுத்த டீமும் அங்கே 1700 எடுத்த டீமும் சமம் என்று ஆகாது. இரண்டையும் இணைக்கிற மேட்ச்சுகள் வேண்டும். காலேஜைச் சேர்ந்த கோதமங்கலம் எம்.ஏ. ஃபுட்பால் அகாடமி கேரள பிரீமியர் லீக்கில், கேரளா பிளாஸ்டர்ஸ், கோகுலம் கிளப்களின் ரிசர்வ் டீம்கள் ஆடிய அதே லீக்கில் ஆடியிருக்கிறதே, அந்த மாதிரி மேட்ச்சுகள்தான் தங்கம். அவற்றை முதலில் சேகரியுங்கள்.

அமெரிக்காவில் இதையே நேரில் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களுடைய ஃபுட்பால் வேறு ஆட்டம், ஆனாலும் கேள்வி இதேதான். 1934 முதல் 1976 வரை சிகாகோவில் நாடு முழுக்கப் பொறுக்கியெடுத்த காலேஜ் நட்சத்திரங்களை முந்தைய வருட புரொஃபஷனல் சாம்பியனோடு மோதவிட்டார்கள். 42 மேட்ச்சில் காலேஜ் ஜெயித்தது 9, புரொஃபஷனல் டீம் ஜெயித்தது 31, மீதி இரண்டு டிரா. 1963-ல் கிரீன் பே பேக்கர்ஸை 20-17 என்று வென்றதுதான் காலேஜ்காரர்களின் கடைசி வெற்றி. எதிரே நின்றது உச்ச லீக்கின் சாம்பியன் என்பதை மறக்க வேண்டாம், சின்ன லீக் டீம் என்றால் இடைவெளி இவ்வளவு இருந்திருக்காது.

என் கணிப்பு இதுதான். நல்ல யூனிவர்சிட்டி டீம் கேரள பிரீமியர் லீக்கில் நடு இடத்தில் நிற்கும், அதன் சில கிளப்களைத் தைரியமாக வெல்லும். சூப்பர் லீக் கேரளா டீமோடு பத்து மேட்ச் வைத்தால் ஒன்றிரண்டு ஜெயிக்கலாம், இரண்டு டிரா செய்யலாம், அதற்கு மேல் நான் எதிர்பார்க்க மாட்டேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த சீசன் திருவனந்தபுரம் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் கொம்பன்ஸ் மேட்ச்சுக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள், எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு யார் உள்ளே வருகிறார்கள், அவர்கள் எந்தக் காலேஜில் ஆடியவர்கள் என்று எழுதுங்கள், அதே மாதிரி ஒரு யூனிவர்சிட்டி மேட்ச்சிலும் எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.