துருக்கிய மொழியில் ‘சூடும் குளிருமாக’, ‘பெரிதும் சிறிதுமாக’ சொல்வது எப்படி?

இஸ்தான்புல்லில் தெற்கிலிருந்து லோதோஸ் காற்று வீசினால் வெதுவெதுப்பு. வடகிழக்கிலிருந்து பொய்ராஸ் வந்துவிட்டால் ஸ்வெட்டரைத் தேட வேண்டும். இதைப் பக்கத்து வீட்டுத் தெய்ஸெயிடம் (சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சொல்ல நினைத்து, “ஹவா ஹெம் ஸுஜாக் ஹெம் ஸொவுக்” (வானிலை சூடாகவும் இருக்கிறது, குளிராகவும் இருக்கிறது) என்றேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். “பிர் ஸுஜாக், பிர் ஸொவுக்” என்று கையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார்.

படி 1: வாயைத் திறக்குமுன் நம் ‘உம்’மை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டு குணமும் ஒரே நேரத்தில் இருந்தால் ‘ஹெம்… ஹெம்’. மாறி மாறி வந்தால் ‘பிர்… பிர்’. பிர் என்றால் ஒன்று. ‘ஒரு நேரம் இப்படி, ஒரு நேரம் அப்படி’ என்று நாம் சொல்வதேதான். வினைச்சொல்லோடும் வரும்: ‘பிர் ஆலுயோர் பிர் குலுயோர்’, அழுகிறாள், சிரிக்கிறாள். ‘க்யாஹ்… க்யாஹ்’ என்பதும் உண்டு, எழுத்துநடைக்கு உரியது. இப்போதைக்கு வேண்டாம்.

படி 2: கலந்து கிடப்பதைச் சொல்ல, இரண்டு சொல்லிலும் ‘லி’ சேருங்கள். ‘இரிலி உஃபாக்லு தாஷ்லார்’: பெரிதும் சிறிதுமான கற்கள். ‘இனிஷ்லி சுகுஷ்லு யோல்’: ஏற்றமும் இறக்கமுமான சாலை. ‘காதுன்லு எர்கெக்லி’: ஆணும் பெண்ணுமாக.

நான் வாரக்கணக்கில் தடுமாறியது இங்கேதான். முதல் சொல்லுக்கு ‘லி’ போட்டதும் அடுத்ததற்கும் அதையே ஒட்டி ‘உஃபாக்லி’ என்பேன். தவறு. ஒவ்வொரு சொல்லும் தன் கடைசி உயிரைப் பார்த்துத் தனக்கான விகுதியை எடுத்துக்கொள்ளும். எ, இ என்றால் லி. அ வந்தாலும், ‘காதுன்’ என்பதில் உள்ளது போல இதழ் குவியாத உ வந்தாலும், இதழ் குவியாத லு. ‘அது’ என்பதன் கடைசியில் இதழ் குவியாமல் ஒலிக்கும் நம் குற்றியலுகரம் அப்படியே. ஒ, இதழ் குவித்த உ வந்தால் இதழ் குவித்த லு. ‘ஸாலு ஸொல்லு’ (வலமும் இடமுமாக) என்பதில் இரண்டு லுவும் வெவ்வேறு. கண்ணாடி முன் நின்று உதட்டைப் பார்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலியை இதற்கு நம்பாதீர்கள். துர்க் தில் குருமுவின் (துருக்கிய மொழி நிறுவனம்) இணைய அகராதி போதும். ‘இரிலி உஃபாக்லு’ போன்ற இணைகள் அதில் தனிச்சொல்லாகவே இருக்கும்.

பின்சேர்க்கை: ‘இதுவும் இல்லை, அதுவும் இல்லை’ எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ‘நெ… நெ’. “நெ சாய் இச்திம் நெ கஹ்வெ”, டீயும் குடிக்கவில்லை, காபியும் குடிக்கவில்லை. ‘இச்திம்’ என்றால் ‘குடித்தேன்’. மறுப்பு முழுவதும் ‘நெ’யிலேயே இருப்பதால், நம் பழக்கத்தில் வினையையும் எதிர்மறையாக்கிவிடாதீர்கள்.