மேகத்துக்கு அடியில் பறக்கும்போது எங்கே தவறுகிறோம்?

கோவையில் மேகம் 3,000 அடியில் இருப்பதாக விமான நிலைய வானிலை அறிக்கை சொல்கிறது. குன்னூர் பக்கம் பறக்கப் போகிறவருக்கு இது நல்ல செய்தியா? கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 3,000 அடி, விமான நிலையத்தின் தரையிலிருந்து அளந்தது. அந்தத் தரையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி உயரத்தில் இருக்கிறது. ஆக, மேகத்தின் அடிப்பகுதி 4,300 அடியில். குன்னூர் இருப்பதோ சுமார் 6,000 அடியில். அதே மேகம் மலைவரை பரவியிருந்தால் குன்னூர் ஊரே அதற்குள் மூழ்கிக் கிடக்கும்.

கண்ணால் தரையைப் பார்த்துக்கொண்டே பறக்கும் சின்ன விமானங்களும் ஹெலிகாப்டர்களும் சிக்கிக்கொள்ளும் முதல் தவறு இதுதான். புறப்படும் இடத்தின் அறிக்கையைப் போகும் வழிக்கும் சேர்த்துப் படித்துவிடுகிறார்கள். அறிக்கை சொல்வது அந்த ஓடுதளத்தைச் சுற்றியுள்ள வானத்தை மட்டும். நடுவில் வரும் மலையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

அதே அறிக்கையில் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே பனிநிலை என்று இன்னொரு எண் இருக்கும்; காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறும் என்பதைச் சொல்லும் எண் அது. அதைப் பலர் கவனிப்பதே இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு டிகிரிக்கு 400 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 டிகிரி வெப்பம், 21 டிகிரி பனிநிலை என்றால் மேகம் 1,200 அடி வாக்கில் உருவாகலாம். ஒரு மணி நேரத்துக்கு முன் 6 டிகிரியாக இருந்த வித்தியாசம் இப்போது 3 ஆகியிருந்தால், வானம் நம்மை நோக்கி இறங்கி வருகிறது என்று அர்த்தம். மழை பெய்து ஓய்ந்த மலைச்சரிவில் இது மளமளவென்று நடக்கும்.

ஆனால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கணக்குப் பிழை இல்லை. 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்ற நினைப்பு. மேகம் 200 அடி இறங்கினால் விமானியும் 200 அடி இறங்குவார். அப்புறம் இன்னும் ஒரு 200. ஒவ்வொரு முறையும் சின்ன விட்டுக்கொடுப்புதான், அதனால் எந்த இடத்திலும் அபாயமணி அடிப்பதில்லை. கீழே மின்கம்பிகள் நெருங்குகின்றன, முன்னால் மலை உயர்கிறது, பின்னால் வந்த வழியும் மூடிக்கொள்கிறது. விமானிகள் மொழியில் இதற்கு 'ஸ்கட் ரன்னிங்' என்று பெயர்.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்டு விபத்தில் சிக்கிய விமானப்படை ஹெலிகாப்டரை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள். இறங்க வேண்டிய இடத்துக்குச் சில நிமிடங்களே இருந்தன. மலை ரயில் பாதையில் நடந்துகொண்டிருந்தவர்கள் எடுத்த வீடியோவில் அது வெள்ளைப் புகைபோன்ற மூட்டத்துக்குள் நுழைந்து மறைவது தெரியும். சத்தம் கேட்கிறது, சட்டென்று நிற்கிறது, நடந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் போய், விமானிக்குத் திசைநிலை குழம்பியது என்று விசாரணையின் முதற்கட்ட முடிவு சொன்னது. நல்ல இயந்திரம், தேர்ந்த விமானிகள். அனுபவம் இருந்தால் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

திசைநிலை எப்படிக் குழம்புகிறது? உள்காதில் இருக்கும் திரவம்தான் நாம் திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சுமார் 20 விநாடிகளில் அந்தத் திரவமும் நிலைகொண்டுவிடும். அப்புறம் நேராகப் போவதாகவே உடம்பு சத்தியம் செய்யும். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் நம்பி ஓட்டிப் பழகாத 20 விமானிகளை வெளியே பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு ஓட்டவைத்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை.

மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம் என்ற அவசர முடிவும் இங்கேதான் காலை வாருகிறது. 2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் உட்பட ஒன்பது பேர் இறந்த விபத்தில், 4,000 அடிக்கு ஏறிக்கொண்டிருப்பதாக விமானி கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். அந்த நேரத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் சாய்ந்து வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய உடம்பு அவரிடம் அப்படித்தான் சொன்னது.

அதனால் திரும்பும் முடிவைத் தரையிலேயே எடுத்துவிட வேண்டும். 'இந்த உயரத்துக்குக் கீழே இறங்க மாட்டேன்' என்று ஒரு எண்ணைத் தாளில் எழுதித் தொடையில் கட்டிக்கொள்ளுங்கள். மூட்டத்துக்குப் பயந்து வழக்கமான வேகத்தில் 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கி.மீ.) குறைக்க நேர்ந்தால் அதையும் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டில் எது முதலில் வந்தாலும் திரும்புங்கள். ஹெலிகாப்டராக இருந்தால் வயலோ பள்ளி மைதானமோ, பார்த்து இறக்கிவிடுங்கள்.

திரும்ப இடமும் வேண்டும். பள்ளத்தாக்கின் நடுவே பறப்பது பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் அது தவறு. 100 நாட் வேகத்தில் 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் சுமார் 930 மீட்டர் அகலம் தேவை. நடுவில் இருந்தால் இருக்கும் அகலத்தில் பாதிதான் கிடைக்கும். ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் போனால் முழு அகலமும் உங்களுக்கு. வேகத்தை 60 நாட்டுக்குக் குறைத்தால் வட்டம் 340 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

பயணிகள் செய்யும் தவறு ஒன்று உண்டு, அதை நான் அழுத்தியே சொல்வேன். 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத் அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள். மூவர் தமிழ்நாட்டிலிருந்து போன யாத்ரீகர்கள். 2025 ஜூன் 15 காலையிலும் கௌரிகுண்ட் அருகே ஏழு பேர். அந்த மலையில் மேகம் எப்போது இறங்கும் என்று யாரும் உறுதிசொல்ல முடியாது. பயணம் ரத்தாகும்போது 'ரிட்டர்ன் ட்ரெயின் இருக்கு சார், எப்படியாவது கொண்டுபோய் விட்டுடுங்க' என்று விமானியிடம் கெஞ்சாதீர்கள். அந்தக் கெஞ்சல் காக்பிட்டுக்குள் அவரோடு கூடவே வரும். யாத்திரை போகிறவர்கள் ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சாலையில் போகிறவர்களுக்கும் இதே மேகம்தான். மேட்டுப்பாளையம் தாண்டி மூட்டம் இறங்கினால் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். லோ பீம் போதும். நாலு இண்டிகேட்டரையும் சேர்த்து எரியவிட்டுக்கொண்டு ஓட்டினால் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. வெள்ளைக்கோடும் தெரியவில்லை என்றால் அடுத்த டீக்கடையில் வண்டியைச் சாலையை விட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்துங்கள். வளைவில் நிறுத்த வேண்டாம்.