வெளிநாட்டு ஆளோட கரஸ்பாண்டன்ஸ் செஸ், அதாவது தூரத்துல இருந்தே ஒவ்வொரு மூவா அனுப்பி ஆடுற செஸ், ஆடப்போறீங்களா?

நட்பு மேட்ச்னு பேர பாத்துட்டு அசால்ட்டா இருந்துடாதீங்க. இன்டர்நேஷனல் கரஸ்பாண்டன்ஸ் செஸ் ஃபெடரேஷன், சுருக்கமா ஐசிசிஎஃப், அதோட சர்வர்ல நடக்குற நாடுகளுக்கு இடையிலான நட்பு மேட்ச்ல வழக்கமா ஒரே ஆளோட ரெண்டு கேம், ஒண்ணுல வெள்ளை ஒண்ணுல கருப்பு, ரெண்டும் ஒரே நேரத்துல ஓடும், மாசக்கணக்குல இழுக்கும்.

முதல் மூவோடயே ஒரு வணக்கம் போடுங்க, பேரு ஊரு சொல்லி ரெண்டு வரி போதும். சிலர் 'அமிசி சுமுஸ்'னு முடிப்பாங்க, 'நாம நண்பர்கள்'னு லத்தீன்ல அர்த்தம், ஐசிசிஎஃப்போட கொள்கை வாசகமே அதான்.

மூவுக்கு பதிலா 5254னு ஒரு நம்பர் வந்தா முழிக்காதீங்க. போர்டுல ஏ-ல இருந்து எச் வரைக்கும் உள்ள எழுத்துக்கு 1 முதல் 8 நம்பர், அதனால ஈ2 சிப்பாய் ஈ4 போனா 5254, வெள்ளை ராஜா பக்கத்து கேஸ்லிங் 5171. குதிரைக்கு இங்கிலீஷ்ல என், ஜெர்மன்ல எஸ்னு எழுதுவாங்க, தபால் கார்டு காலத்துல அந்த குழப்பத்துக்கு நம்பர்தான் வழி.

டைம் பழைய கணக்குப்படி 10 மூவுக்கு 50 நாள். ஓப்பனிங்க சீக்கிரம் ஆடி நாள சேத்து வைங்க, நடு ஆட்டத்துல ஒரே மூவுக்கு பத்து நாள் உக்காரணும்னு தோணும்.

இப்ப முக்கியமானது. மூவ் அனுப்புறதுக்கு முன்னாடி சர்வர் போர்டையும் உங்க அனாலிசிஸ் போர்டையும் காய் காயா ஒப்பிட்டு பாருங்க. நான் ஒருதடவ என் லேப்டாப்ல எச்3 தள்ளி வச்சு அதுலயே மூணு நாள் யோசிச்சேன், சர்வர்ல அந்த சிப்பாய் எச்2லயே இருந்திருக்கு, எதிராளி பிஷப்ப ஜி4ல கொண்டாந்து என் எஃப்3 குதிரைய ராணியோட சேத்து கட்டிப்போட்டாரு, அனுப்புன மூவ திரும்ப வாங்கவும் முடியாது. எஞ்சின், அதான் செஸ் ஆடுற கம்ப்யூட்டர் புரோகிராம், என்ன பண்ணும், தப்பான பொசிஷன குடுத்தா தப்பான பொசிஷனுக்குத்தான் பதில் சொல்லும்!

ஆமா, எஞ்சின் இங்க அலவ்டு. அதனாலயே டிரா ஜாஸ்தி, ஜெயிக்கணும்னா காய்கள சீக்கிரம் வெட்டிக்காம சிப்பாய் அமைப்பு சிக்கலா இருக்கிற லைன்ல போங்க, என் சாய்ஸ் கிங்ஸ் இந்தியன்ங்கிற ஓப்பனிங்.

டிரா கேக்கணும்னா மூவோட சேத்து கேளுங்க, அவரு பதில் சொல்லாம அடுத்த மூவ ஆடிட்டா வேணாம்னு அர்த்தம், மூவுக்கு மூவு நச்சரிக்காதீங்க.