யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோட்டைக்கு மத்தியான வெயிலில் போகாதீர்கள். உள்ளே ஒதுங்க நிழல் மிகக் குறைவு. காலையில் வெள்ளென போங்கள், இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு. கையில் தண்ணீர் இருக்கட்டும்.

பின்னேரம் போகிறவர்களில் பலர் நேரே மதில்மேல் ஏறி, பண்ணைக் கடல் பக்கம் பொழுது சாய்வதைப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். வந்த வழியிலிருந்த அகழியையும் வாசலையும் அவர்கள் நின்று பார்ப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய மனக்குறை.

'டச்சுக் கோட்டை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் தவறு. 1619இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனைத் தோற்கடித்த போர்த்துக்கேயர் இங்கே நாற்கோணக் கோட்டை ஒன்றைக் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார்கள். பிறகு அதை ஐங்கோணமாக மாற்றிக் கட்டி, மூலைகளில் துருத்தி நிற்கும் கொத்தளங்களுக்குத் தங்கள் நாட்டு மாகாணப் பெயர்களைச் சூட்டினார்கள். வெளி அரண்கள் முடிந்தது 1792இல். மூன்றே வருடத்தில், 1795இல், சண்டையே இல்லாமல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

இதைத் தமிழ் அரசர்களின் அரண்மனை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. அரசர்களின் தலைநகர் நல்லூர். அதைக் கைவிட்டு ஆட்சியைக் கடலோரத்துக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். கடல் வழியாக ஆளும் சரக்கும் வந்து சேர அவர்களுக்கு இந்த இடம்தான் வசதி.

உள்ளே கிடக்கும் இடிபாடுகளைப் பார்த்து, 'முந்நூறு வருடப் பழசு, இடிந்துதானே போகும்' என்று கடந்துவிடாதீர்கள். 1706இல் சிலுவை வடிவில் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் நம் காலம்வரை நின்றது. அதை இடித்தது போர். 1990இல் கோட்டைக்குள் இராணுவம், வெளியே புலிகள், மாதக்கணக்கில் முற்றுகை. சுற்றுவட்டாரத்துச் சனங்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். ஆகவே உள்ளூர்க்காரர்களிடம் அந்த நாட்களைப் பற்றிச் சுவாரசியத்துக்காகத் துருவிக் கேட்காதீர்கள். அவர்களாகக் கதைத்தால் இருந்து கேளுங்கள்.

கற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மதில்களில் பெரும்பகுதி முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். அருகில் போய்ப் பாருங்கள்: நட்சத்திரம் போன்ற சின்னச்சின்னக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஒரு பவள உயிரி வாழ்ந்தது. அந்தக் கல்லில் பெயர் கீறுகிறார்கள், உடைந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். கீழே கிடக்கும் கல்லும் கோட்டையின் பகுதிதான். திருத்த வேலைக்குத் தேவைப்படலாம்.

அப்புறம், மதில் விளிம்பு. கீழே அகழி இருக்கிறது, எல்லா இடத்திலும் தடுப்பு இருக்கும் என்று நம்பாதீர்கள். செல்ஃபிக்காகப் பின்னால் நகர வேண்டாம்; சிறுவர்களைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் நல்லூரை முதலில் பாருங்கள். அந்த அரசர்களோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் சங்கிலியன் தோப்பும் யமுனா ஏரியும் அங்கே கிட்டக்கிட்டத்தான் இருக்கின்றன. காலையில் அங்கே போய்விட்டுப் பின்னேரம் கோட்டைக்கு வந்தால், ஆட்சி எங்கிருந்து எங்கே மாறியது என்பது நடந்து பார்த்தே விளங்கும்.